கார்முகிலன் படத்தில் என் புருஷன்

இடைவேளை முடிந்து விளக்குகள் வரிசை வரிசையாக அணைகின்றன, இனிமேல்தான் அவர் வருவார். செகண்ட் ஹாஃப்ல, கிளைமாக்ஸ் சண்டைல, மூஞ்சி நல்லாத் தெரியுதாம் என்று ஷூட்டிங்குக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ராபர்ட் போனில் சொல்லியிருந்தான். அதனால் முதல் பாதியை நான் ஒழுங்காகப் பார்க்கவேயில்லை. ஏதோ பறந்தது, ஏதோ இடிந்தது, பாட்டு வந்தது, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மதி அப்படி இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அப்பாவைத் தேடினாள், மார்க்கெட் கூட்டம், கல்யாண மண்டபக் கூட்டம், கோர்ட் வாசலில் நிற்கிற கூட்டம், ஒன்றையும் விடாமல் கழுத்தை நீட்டி, அங்க கீறாராம்மா, அந்தக் கட்டம் போட்ட சட்டையா என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். இல்லடி, அப்புறம்தான். அப்பாவை மறுபடியும் பார்க்கப்போகிறோம் என்று அவளுக்கு ஆசை காட்டியது நான்தான். வேறு எங்கே பார்ப்பாள்? வீட்டில் இருக்கிற வீடியோ எல்லாம் என் புருஷன் கஜேந்திரன் எடுத்தது, எடுத்தவர் எப்படி அதில் வருவார், மதி கேக் வெட்டுகிறாள், மதி சைக்கிளோடு விழுகிறாள், நான் முறைக்கிறேன், பின்னாலிருந்து அவர் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. சுவரில் மாட்டியிருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியது. அதில் அவர் எதையோ திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி இருக்கிறார். நடக்கிற அவரை, திரும்புகிற அவரை, வாய் திறக்கிற அவரைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த இருட்டுக்குள் வந்தால்தான் உண்டு. செத்துப்போனவரைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். அப்படி நினைத்ததும் உடம்பு குளிர்கிறது. ஏசி காற்று நேராக என் கழுத்தில்தான் அடிக்கிறது, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன்.

திரையில் கார்முகிலன் வந்துவிட்டான், மதி முதுகை நிமிர்த்திக்கொண்டாள். இவளுக்கு அவன்மேல் அப்படியொரு பைத்தியம். ஏனென்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இவளைக் கரிச்சட்டி என்று கூப்பிடுகிறார்கள், வந்ததும் வராததுமாகக் குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கையைத் தேய்ப்பாள், நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன். இந்தப் படத்தின் போஸ்டரை எங்கள் பிளாக் சுவரில் ஒட்டிய பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். மேகத்தைக் கையால் பிடிக்கிறவன், இடியைத் தூக்கி எறிகிறவன், நம்ம கலரும்மா அவன் என்றாள். நம்ம கலர்தான், நம்மிடமிருந்து எடுத்த கலர்தான். ஷூட்டிங் அன்றைக்குக் கஜாவைத் தனியாகக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, விளக்கைக் காட்டி, அந்த நிறம் வரும்வரை மூன்று நான்கு டப்பாவைக் கலந்து அந்த நடிகன் முகத்தில் பூசிப் பார்த்தார்களாம். அந்த ஆள் நல்ல வெளுப்பு. சாயங்காலம் வீடு திரும்பியதும் கஜா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். காலமெல்லாம் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்த மனுஷன், அவர் கண்ணுக்குத் தப்புமா. காதுக்குப் பின்னாடி வுட்டுட்டானுங்க ஜான்சி, ரெண்டாவது கோட்டே அடிக்கல, பிரைமர் தெரியுது என்றார். இப்போது நான் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் திரும்புகிறான், குனிகிறான், பிரைமர் தெரியவில்லை, கம்ப்யூட்டரில் போட்டுச் சரிக்கட்டியிருப்பார்கள். தியேட்டர் அகலத்துக்கு என் புருஷனுடைய கை நிறம். நான் தொட்டுப் பழகிய நிறம், சோற்றுத் தட்டைத் தாங்கிய நிறம், அதற்குள்ளிருந்து வேறு யாரோ என்னைப் பார்க்கிறான். டைரக்டர் பேட்டியில் கண் கலங்கினார், இது ஒடுக்கப்பட்டவர்களுடைய படம், இத்தனை காலம் சிவப்புத் தோலுக்குத்தான் சக்தி கொடுத்தோம், இனிமேல் கறுப்புதான் வீரம் என்றார். நல்ல பேச்சு, யார் இல்லையென்றது. எங்கள் பிளாக்கில் எல்லோரும் அதை மாற்றி மாற்றி வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டோம், நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். கரிச்சட்டி என்பவர்களுக்குத் திருப்பிச் சொல்ல என் பிள்ளைக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது, அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்.

யோவ், எப்போதுதான் வரப்போகிறாய்? ஆற்றைக் காட்டுகிறார்கள். நாங்கள் கரையில் குடியிருந்த ஆறு இல்லை, செட் போட்ட ஆறு, கரையில் தகரம் அடித்த குடிசைகள், எல்லாக் குடிசையிலும் ஒரே மாதிரி கிழிசல். மழை பெய்யப்போகிறது, நகரம் முழுகப்போகிறது, கரையில் இருக்கிறவர்களை அப்புறப்படுத்தினால்தான் தண்ணீர் கடலுக்குப் போகும் என்று வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் சொல்கிறாள், கார்முகிலன் கண்ணை மூடித் தலையாட்டுகிறான். இது கேட்ட பேச்சாயிற்றே. இதே பேச்சை, இதே மாதிரி மெதுவாக, இரக்கத்தோடு எங்களிடமும் பேசினார்கள், வெள்ளம் வந்ததே உங்களாலதாம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம், எட்டு மாடி வீடு, லிஃப்ட் இருக்கு, பைப்புல தண்ணி வரும். லிஃப்ட் இருந்தது. அது ஓடாத நாளில்தான் கஜாவுக்கு நெஞ்சு வலித்தது, ஏழாவது மாடியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், நான் பின்னால் அவர் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன், எதற்கு எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை, மூன்றாவது மாடித் திருப்பத்தில் தலை தொங்கிவிட்டது. ஆற்றங்கரையாக இருந்திருந்தால் பெரியாஸ்பத்திரி கூப்பிடு தூரம். போதும், இப்போது அது வேண்டாம், இன்றைக்கு அவர் ஓடி வரப்போகிற நாள். இந்தக் காட்சியைத்தான் கோடவுனில் எடுத்தார்கள். அசல் முகம் வேணும், ஜனங்க முகம் வேணும் என்று எங்கள் பிளாக்குக்கே வந்து வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே போனால் ஆறும் இல்லை ஊரும் இல்லை, தரையிலிருந்து கூரைவரை பச்சைத் துணி. கண்ணைக் கூசுகிற பச்சை. அதைப் பார்த்து ஓடுங்க என்றார்கள். எதைப் பார்த்து சார் என்று கஜா கேட்டார். அந்த அசிஸ்டெண்ட் நல்ல தம்பிதான், கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்க வீட்ட இடிச்ச மிஷின் அங்க நிக்குதுன்னு நினைச்சுக்கங்கண்ணா என்றான்.

அவ்வளவுதான், அதற்குமேல் எங்களுக்கு யாரும் நடிப்புச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பச்சைத் துணிக்குள் எனக்கு அந்த மஞ்சள் கை தெரிந்தது, என் சுவரைத் தொட்டுவிட்டு ஒரு நிமிஷம் நின்று பிறகு தள்ளிய கை. அது இடிக்க வந்த அன்றைக்கு நாங்கள் யாரும் ஓடவில்லை, போலீஸ் இருந்தது, பிள்ளைகள் இருந்தன, எங்களுக்காக முன்னால் நின்று பேசுகிற எசேக்கியேல் அண்ணன் வாடகை மைக்கில் அமைதியா இருங்க, சட்டப்படி பேசுவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது. கஜா மட்டும் ஆற்றுக்குள் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார், ஏறி வர மாட்டேன் என்றார், திட்டவும் இல்லை, கல்லெடுக்கவும் இல்லை, சும்மா நின்றார். அன்றைக்கு ஓடாத ஓட்டத்தையெல்லாம் அந்தக் கோடவுனில் ஓடினோம். பக்கத்து வீட்டு சுலோச்சனா அக்கா, எறும்பை மிதிக்காதவள், தொண்டை கிழியக் கத்தினாள். கட் சொன்ன பிறகும் கொஞ்சம் பேர் நிற்கவில்லை, பச்சைத் துணியில் போய் மோதினார்கள். யூனிட் ஆட்கள் கை தட்டினார்கள், கஜாவைக் காட்டி, இந்த அண்ணனை மட்டும் ஸ்கேன் எடுத்துக்கங்க என்றார்கள். சுற்றிலும் காமிரா வைத்த ஒரு வட்டத்துக்குள் நிறுத்தி, கோபப்படச் சொன்னார்களாம், அழச் சொன்னார்களாம், பல்லைக் கடிக்கச் சொன்னார்களாம், கடைசியில், நின்றபடியே செத்துப்போங்கள், கண்ணை மட்டும் மூடாதீர்கள் என்றார்களாம். அதையும் வீட்டில் செய்துகாட்டினார். அடுப்படி வாசலில் நின்று, கையைத் தொங்கவிட்டு, கண்ணைத் திறந்துவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. மதி விழுந்து விழுந்து சிரித்தாள். நான், போதும்யா, விளக்கு வைக்கிற நேரத்துல என்றேன், அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

இப்போது ஒருவன் மைக்கைப் பிடிக்கிறான். அவன்தான் கெட்டவனாம், நாவரசன் என்று பெயர், குடிசைகளுக்கு நடுவில் ஒரு டிரம்மின்மேல் ஏறி நிற்கிறான், கறுப்புச் சட்டை, மூக்குக் கண்ணாடி. கண்ணாடியில் நூல் இல்லை, இருந்தாலும் எசேக்கியேல் அண்ணனே ஏறி நிற்கிற மாதிரி இருந்தது. இந்த இடத்தை விட்டுப் போக மாட்டோம் என்று சொல்லுங்கள் என்கிறான். அவன் பேசப் பேச, கேட்கிறவர்களுடைய கண்ணில் கருமணி கரைந்து வெள்ளையாகிறது. ஒரு கிழவன், ஒரு பிள்ளைத்தாச்சி, மீன் அரிகிற ஒருத்தி, எல்லோருக்கும் முட்டை வெள்ளை. தியேட்டரில் மூச்சுச் சத்தம் இல்லை. போக மாட்டோம், போக மாட்டோம் என்று ஒரே குரலில் சொல்கிறார்கள், அந்தக் குரல் மனுஷக் குரலாக இல்லை, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஏதோ செய்திருக்கிறார்கள். நாங்கள் சொன்ன வார்த்தை அது. அதே வார்த்தை. அதைச் சொன்னபோது எங்கள் கண் நல்ல கண்ணாகத்தானே இருந்தது, நான் கஜாவின் கண்ணைப் பார்த்தேனே, தண்ணீருக்குள் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாரே. எனக்கு இப்போது ஒன்று உறைக்கிறது, மெதுவாக, கால் மரத்துப்போவது மாதிரி. கூட்டம் என்றால் எந்தக் கூட்டம் என்று ராபர்ட் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஏழை ஜனங்கள் ஜெயிக்கிற படம் என்றார்கள், ஜனங்களாக நிற்பவர்கள் நாங்கள், அப்புறம் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டோம். மதி, பாத்ரூம் போலாம் வா என்றேன். எனக்கு வரல என்றாள். சரி, தண்ணி வாங்கலாம் வா. மாட்டேன், அப்பா வந்துருவாரு, நீ போ என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். இவளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா. ஒன்பது வயது, திமிறுவாள், கத்துவாள், இந்த வரிசை முழுக்க எங்கள் பிளாக் ஆட்கள், எல்லோர் காலையும் தாண்டிப் போக வேண்டும்.

யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன், அதற்குள் அவர்கள் ஓடி வருகிறார்கள். மேலேயிருந்து காட்டுகிறார்கள், பாலத்தின்மேல் ஒரு ஸ்கூல் பஸ், மஞ்சள் பஸ், ஜன்னலெல்லாம் சின்னப் பிள்ளைகள், வெள்ளை வெளேரென்று சீருடை, அதை நோக்கிக் கறுப்பாக ஒரு வெள்ளம். எங்கள் மிஷின் எங்கே? பச்சைத் துணி இருந்த இடத்தில் மிஷின் இல்லை, பஸ் இருக்கிறது. நாங்கள் பிள்ளைகளைக் கொல்ல ஓடிக்கொண்டிருக்கிறோம். சுலோச்சனா அக்கா வந்தாள், பக்கத்தில், மிகப் பக்கத்தில், வெள்ளைக் கண்ணோடு வாயைப் பிளந்துகொண்டு வந்தாள், எனக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருக்கிற நிஜமான சுலோச்சனா அக்கா என் தோளை எட்டி இடித்து, ஏய், நான்தாண்டி அது, பாத்தியா, இன்னா ஆக்ட் குடுத்திருக்கேன் என்று சந்தோஷப்பட்டாள். கூட்டத்தில் நானும் எங்கேயோ இருப்பேன், நான் என்னைத் தேடவில்லை. தூரத்தில் வருகிறவர்களுடைய கால்களைப் பார்த்தேன். பெயிண்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து கஜா இடது காலைக் கொஞ்சம் தாமதமாகத்தான் வைப்பார், வலது காலில் பாரத்தை இறக்கிவிட்டு, ஒரு நொடி கழித்து. படியேறி வரும்போது அந்தத் தாளத்தை வைத்தே நான் தோசைக்கல்லை அடுப்பில் போடுவேன். அந்தக் கால் வந்தது. ஐயோ வந்துட்டியா என்று உள்ளுக்குள் ஒரு சத்தம், அடக்க முடியாத சந்தோஷம்தான் அது, பொய் சொல்வானேன். பிறகு அவருக்குப் பக்கத்தில் ஓடுகிறவனும் இடது காலைத் தாமதமாக வைத்தான். அவனுக்குப் பின்னால் வருகிறவனும். சட்டை வேறு, தலைமுடி வேறு, ஒருவனுக்குத் தாடி, ஒருவனுக்குத் தலைப்பாகை, முகம் ஒன்றுதான், அந்தக் காமிரா வட்டத்துக்குள் நிறுத்தி எடுத்த முகம். பாலத்தின் அந்த முனைவரைக்கும் என் புருஷன் வருகிறார். நூறு பேரா, ஐந்நூறு பேரா, எல்லோரும் ஒரே தாளத்தில் நொண்டிக்கொண்டு, வெள்ளைக் கண்ணால் எதையும் பார்க்காமல். முன்னால் வந்தவர் ஒருவர் பஸ் ஜன்னலை உடைத்து ஒரு பெண் குழந்தையின் தலைமுடியைப் பிடிக்கிறார். மதிக்கு எண்ணெய் வைத்துச் சடை பின்னிவிட்ட கை அது. எனக்குப் பின்னல் கோணலாக வரும், அவருக்கு நேராக வரும்.

இடி விழுந்தது. பஸ்ஸின்மேல் கார்முகிலன் வந்து நிற்கிறான், கஜாவின் கை நிறத்தில், கஜாக்களைப் பார்த்துக்கொண்டு. கையைத் தூக்குகிறான், தியேட்டர் எழுந்துவிட்டது. முதல் அடியில் முன்வரிசை போயிற்று. என் புருஷன் பாலத்தின் கம்பியில் போய் மோதினார், என் புருஷன் ஆற்றில் விழுந்தார், என் புருஷன்மேல் என் புருஷன் விழுந்தார். விசில். பின்னால் யாரோ பேப்பரைக் கிழித்துப் போடுகிறார்கள், என் தலையில் விழுகிறது. எங்கள் பிளாக் ஆட்களும் கத்துகிறார்கள், போடு, போடு என்று சுலோச்சனா அக்கா சீட்டைத் தட்டுகிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லையா, அவளையும்தானே அடித்துப் போட்டான். பயமாக இருக்கிறது, இந்த இருட்டில் எனக்கு மட்டும்தான் இது தெரிகிறதா, அல்லது எல்லோருக்கும் தெரிந்தும் கை தட்டுகிறார்களா, இரண்டில் எது என்று கேட்கக்கூட ஆள் இல்லை. மதி சீட்டின்மேல் ஏறி நிற்கிறாள். சின்னக் கை இரண்டும் சிவக்கத் தட்டுகிறாள், ஒவ்வொரு அடிக்கும் குதிக்கிறாள். அந்த வெள்ளைக் கண்ணோடு அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கடவுளே, நல்லவேளை. நல்லவேளையா? அப்பாவைப் பார்க்க வந்த பிள்ளை அப்பாவைப் பார்த்துவிட்டாள், யாரோ என்று நினைத்துக் கை தட்டுகிறாள். சொல்லலாமா. சொன்னால் இனிமேல் அப்பா என்று கண்ணை மூடினாலே இந்த வெள்ளைக் கண்தான் வரும், சொல்லாவிட்டால் அவர் எங்குமே இல்லை. அடி ஓய்ந்தது. பாலம் நிறைய விழுந்துகிடக்கிறார், கண்ணை மூடாமல், அன்றைக்கு அடுப்படி வாசலில் நின்ற அதே முகம். அந்த நாற்காலியில் தொங்கிய தலையிலும் கண் மூடவில்லை, நான்தான் மூடிவிட்டேன். இங்கே இத்தனை கண்ணையும் யார் மூடுவது. சத்தம் அடங்கிய அந்த நேரத்தில் மதி இறங்கி உட்கார்ந்து என் காதருகில் வந்தாள், பாப்கார்ன் வாசனையோடு.

"அப்பா எப்பம்மா வருவாரு? சண்டையே முடிஞ்சிடுச்சு."

வெட்டிட்டாங்க போலடி என்று சொல்லிவிட்டேன். சினிமாவில் அப்படித்தான், நிறைய எடுப்பார்கள், நீளமாகிவிட்டால் வெட்டிவிடுவார்கள். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது, நடுங்கவில்லை, ராபர்ட் கேட்டிருந்தால் வசனம் உள்ள வேஷம் கொடுத்திருப்பான். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள், அதில் விழுந்துகிடக்கிற கூட்டத்தின்மேல் கார்முகிலன் நடந்துபோகிறான், பூட்ஸ் கால், பார்த்து வைக்கவில்லை, முகத்தின்மேலும் வைக்கிறான்.

"அப்பா மட்டும் இருந்திருந்தா, இவனுங்கள அப்பாவே அடிச்சிருப்பாரு. இல்லம்மா?"

ஆமாண்டி என்றேன், ஆமாம் என்று இன்னொரு தரம் சொன்னேன். அப்போது அந்த நாவரசன் எங்கிருந்தோ மறுபடி மைக்கைத் தட்டினான். விழுந்துகிடந்தவர்கள் எழுந்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, கையை ஊன்றாமல் எழுந்திருக்கிறார்கள். இன்னும் ஒரு தரம் அடிக்கப்போகிறான். தியேட்டர் ஓவென்றது, மதி சட்டென்று இரண்டு கையையும் விரித்தாள், நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அந்த இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"வுடும்மா, கை தட்டணும்."

நான் விடவில்லை. இழுத்துப் பார்த்தாள், வலிக்குதும்மா என்றாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். திரை வெளிச்சத்தில் என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மெதுவாகத் திரும்பி அவளும் பார்த்தாள். முன்வரிசையில், திரை முழுக்க, ஒரே ஒரு முகம் எழுந்து நின்றது. என் பிடிக்குள் இருந்த கை இழுப்பதை நிறுத்திவிட்டது.